சி.ஆர்.பி. கூடுதல், கல்ச்சரில் கிருமி இல்லை: பிறந்த குழந்தைக்கு ஊசி தொடர வேண்டுமா?

#1 பொருநைக்கரை

வணக்கம். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். 37 வாரம் முடிந்து சுகப்பிரசவம். பனிக்குடம் உடைந்து ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் பிறந்தாள்; மனைவிக்கு லேசான காய்ச்சலும் இருந்தது. அதனால் குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, ரத்தம் எடுத்துவிட்டு, இரண்டு ஆன்டிபயாடிக் ஊசிகளைத் தொடங்கினார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குழப்பம் பிறகுதான் வந்தது. முதல் சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருந்தால் ஏறும் ரத்தப் புரதமாம்) 1.8 (வெளி லேபுக்கு அனுப்பினார்கள்). மறுநாள் மருத்துவமனை லேபிலேயே பார்த்தபோது 12. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சரில் 48 மணி நேரமாகியும் எதுவும் வளரவில்லையாம். ஆனாலும் பணியில் இருந்த இளம் மருத்துவர், “சி.ஆர்.பி. பாசிட்டிவ், ஏழு நாள் ஊசி போட்டே ஆகவேண்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 1.8 எங்கே, 12 எங்கே! வீட்டில் பெரியவர்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். கல்ச்சர் சரியாக இருக்கும்போது இந்த எண் ஏன் ஏறுகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஊசிமல்லி

குழந்தை எப்படி இருக்கிறாள் என்பதை நீங்கள் எழுதவே இல்லையே, தம்பி. பால் குடிக்கிறாளா? மூச்சு சீராக இருக்கிறதா? உடம்பு குளிர்ந்துபோகிறதா? எழுப்பினால் எழுந்து அழுகிறாளா? நான் அரசு மருத்துவமனைப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியர். காகிதத்தை அப்புறம் பார்க்கலாம்.

#3 சோதனைக்குழாய்

இரண்டு அறிக்கையிலும் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது? மி.கி./டெ.லி. என்றா, மி.கி./லி. என்றா? அதைப் பார்க்காமல் யாரும் பதில் எழுத வேண்டாம்.

#4 பொருநைக்கரை

அக்கா, நன்றாகத்தான் இருக்கிறாள். தாய்ப்பால் குடிக்கிறாள், அழுகிறாள், மூச்சுத் திணறல் இல்லை, முதலிலிருந்தே ஆக்சிஜன் வைக்கவில்லை.

@சோதனைக்குழாய்: இப்போதுதான் பார்த்தேன். வெளி லேப் அறிக்கையில் மி.கி./டெ.லி. மருத்துவமனை அறிக்கையில் மி.கி./லி. இரண்டும் வேறு வேறா?

#5 சோதனைக்குழாய்

வேறுதான். ஒரு லிட்டர் என்பது பத்து டெசிலிட்டர். ஆகவே 1.8 மி.கி./டெ.லி. என்றால் 18 மி.கி./லி. உங்கள் குழந்தைக்கு 1.8 ஆறு மடங்குக்கும் மேலாகி 12 ஆகவில்லை. இரண்டு லேபிலும் ஒரே முறையில் அளந்திருந்தால், 18 இருந்தது 12 ஆகக் குறைந்திருக்கிறது. வீட்டில் உள்ளவர்களிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

லேபில் வேலை செய்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். எல்லா லேபிலும் சி.ஆர்.பி.யை ஒரே முறையில் அளப்பதில்லை. சிறிய இடங்களில் இன்றும் லேடெக்ஸ் ஸ்லைடு முறைதான்: ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு லேடெக்ஸ், திரிகிறதா என்று கண்ணால் பார்ப்பது. அதில் விடை 6, 12, 24, 48 என்று இரட்டித்துக்கொண்டுதான் போகும். நடுவில் உள்ள எண் வராது. சி.ஆர்.பி. மிக அதிகமாக இருந்து, சீரத்தை நீர்க்காமல் பார்த்தால் திரியாமலேயே போய், நெகட்டிவ் என்று எழுதிவிடுகிற ஆபத்தும் உண்டு. இயந்திரத்தில் கலங்கல் தன்மையை அளந்து தருகிற எண்ணையும் இதையும் பக்கத்தில் வைத்து ஏறியது, இறங்கியது என்று பேசக்கூடாது. முடிந்தால் அடுத்த மாதிரியை இரண்டில் ஒரே லேபில் கொடுங்கள்.

#6 தொட்டில்

பச்சிளங்குழந்தை மருத்துவராக இருக்கிறேன். குழந்தையை நான் பார்க்கவில்லை. ஆகவே ஊசியை நிறுத்துங்கள் என்றோ தொடருங்கள் என்றோ இங்கே சொல்ல மாட்டேன். அந்த எண் என்ன பேசும், என்ன பேசாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சி.ஆர்.பி. புதிய சோதனையே அல்ல. 1930இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறிந்த புரதம் அது. கிருமி செய்வதல்ல, குழந்தையின் கல்லீரல் செய்வது. உடலில் எங்கேனும் அழற்சி ஏற்பட்டால் இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைகள் கல்லீரலுக்குப் போகும், அது சி.ஆர்.பி.யைத் தயாரித்து ரத்தத்தில் விடும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். தொற்று தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை எண் அசையாமலேயே இருக்கலாம். உச்சத்தைத் தொட ஒன்றரை, இரண்டு நாள் ஆகும். தூண்டுதல் நின்ற பிறகும் ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய ஏறக்குறைய 19 மணி நேரம் வேண்டும். மழை விட்ட பிறகும் ஓட்டுக்கூரை சொட்டிக்கொண்டிருப்பதைப் போலத்தான்.

ஆகவே மிகவும் தேவைப்படுகிற முதல் சில மணி நேரத்தில் இந்தச் சோதனை ஊமை. அப்போது சி.ஆர்.பி. குறைவாக இருக்கிறது என்பதற்காக, சோர்ந்து கிடக்கிற குழந்தைக்கு ஊசி போடாமல் காத்திருக்க முடியாது.

மறுபக்கத்தையும் பாருங்கள். கிருமி இல்லாமலேயே எண் ஏறும். நீண்ட பிரசவ வலி, பனிக்குடம் முன்பே உடைவது, தாய்க்குக் காய்ச்சல், பிறக்கும்போது மூச்சுத் தடை, குழந்தை மலம் கலந்த பனிக்குட நீரை உறிஞ்சிவிடுவது, அறுவை சிகிச்சை என்று பட்டியல் நீளம். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கே பிறந்த முதல் இரண்டு நாளில் 10ஐச் சற்றுத் தாண்டுவது உண்டு. உங்கள் மனைவிக்குக் காய்ச்சலும் இருந்தது, பனிக்குடமும் வெகுநேரம் முன்பே உடைந்தது. 18க்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். உண்மையான தொற்றாகவும் இருந்திருக்கலாம். ஒற்றை எண்ணை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

பிறகு எதற்குத்தான் பார்க்கிறோம்? நிறுத்துவதற்கு. 1998இல் அமெரிக்காவில் பெனிட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 24 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு சி.ஆர்.பி.யும் 10க்குக் கீழே இருந்த குழந்தைகளில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குக் கல்ச்சரில் உறுதியான தொற்று இல்லை. எண் கூடுதலாக இருந்ததை வைத்துத் தொற்று உண்டு என்று அந்த அளவுக்கு அவர்களால் சொல்ல முடியவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கை இன்னும் கறாரானது: கல்ச்சர் சுத்தமாக இருந்து குழந்தையும் நன்றாக இருந்தால், சி.ஆர்.பி. போன்ற எண்களை மட்டும் காட்டி 48 மணி நேரத்துக்கு மேல் ஊசியை நீட்டிக்க வேண்டாம் என்கிறது. எழுதிய மூவரில் அதே பெனிட்ஸும் ஒருவர்.

மூத்த மருத்துவர் சுற்றுக்கு வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். கல்ச்சருக்கு எவ்வளவு ரத்தம் எடுத்தீர்கள்? அதற்கு முன்பே தாய்க்கு ஆன்டிபயாடிக் போயிருந்ததா? குழந்தைக்கு எந்த நேரத்திலாவது நோய் அறிகுறி இருந்ததா? ஏழு நாளுக்குக் காரணம் இருந்தால் அந்தப் பதில்களில்தான் இருக்கும்.

#7 கடல்நாகம்

தொட்டில் டாக்டர் சொன்னது அமெரிக்க வார்டுக்குப் பொருந்தும். நம் வார்டுக்கு அப்படியே பொருந்தாது. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயே பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளில் 14.3 சதவீதத்தினருக்குச் செப்சிஸ், அதாவது உடல் முழுவதையும் பாதிக்கும் கடுமையான தொற்று. கல்ச்சரில் கிருமி வளர்ந்தது 6.2 சதவீதத்தினருக்கே. அதாவது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கல்ச்சர் கைவிரித்துவிட்டது.

கிருமிகளும் வேறு. அமெரிக்கப் பாடநூல் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸில் தொடங்கும். டெல்லியில் முதலிடம் அசினெட்டோபாக்டர், 22 சதவீதம். அடுத்து கிளெப்சியெல்லா 17, இ.கோலை 14. அந்த அசினெட்டோபாக்டரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பல மருந்துகளுக்கு அடங்காதவை. மூன்றில் இரண்டு பங்கு செப்சிஸ், பிறந்த 72 மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. இந்தச் சூழலில் கல்ச்சர் சுத்தம் என்ற ஒரே வரியை நம்பி 48 மணி நேரத்தில் ஊசியை எடுத்துவிட்டு, மூன்றாம் நாள் இரவு குழந்தை சரிந்தால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது? இணையத்தில் எழுதுகிறவர்களா? அந்த இளம் மருத்துவர் பயந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

#8 தொட்டில்

> அந்த இளம் மருத்துவர் பயந்திருக்கிறார்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் தரும் எண்களே என் பக்கமும் பேசுகின்றன. மருந்துக்கு அடங்காத அசினெட்டோபாக்டர் வார்டுக்குள் எங்கிருந்து வருகிறது? தேவையற்ற குழந்தைகளுக்கும் ஏழேழு நாள் ஊசி போட்டு வளர்த்ததில் நமக்கும் பங்கு உண்டு. 2009இல் அமெரிக்க ஆய்வு மையங்கள் ஒரு கிலோவும் அதற்குக் கீழும் எடையுள்ள குழந்தைகளை ஆராய்ந்தபோது, கல்ச்சரில் கிருமி வளராமலேயே ஐந்து நாளோ அதற்கு மேலோ முதல் ஆன்டிபயாடிக் பெற்றவர்களிடம் குடல் அழுகல் நோயும் இறப்பும் கூடுதலாகக் காணப்பட்டன. அது தொடர்பு மட்டுமே, காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. 37 வாரக் குழந்தைக்கு அதை அப்படியே பொருத்தவும் கூடாது. ஆனாலும் ஊசி போடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது.

கல்ச்சர் கைவிரிப்பதற்கும் காரணம் பல நேரங்களில் நம் கையில்தான் இருக்கிறது. புட்டியில் ஒரு மில்லி ரத்தம் போக வேண்டும். அரை மில்லிதான் போனால், கிருமி குறைவாக இருக்கும் குழந்தையில் தப்பிவிடும். அப்படி எடுத்துவிட்டு ‘கல்ச்சரை நம்ப முடியாது’ என்கிறோம்.

#9 ஊசிமல்லி

ஒரு மில்லி என்று எழுதுவது சுலபம், டாக்டர். ஒரு கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 90 மில்லிதான். கல்ச்சருக்கு ஒன்று, அணுக்களின் எண்ணிக்கைக்குக் கொஞ்சம், சி.ஆர்.பி.க்குக் கொஞ்சம், பிலிரூபினுக்கு, சோடியத்துக்கு... இரவில் உறைந்துவிட்டது, மறுபடி எடு என்று லேபிலிருந்து தொலைபேசி. குதிகாலில் குத்திப் பிழிந்து எடுத்தால் சிவப்பணு உடைந்துபோகிறது, அதற்கும் மறுபடி. வாரக்கணக்கில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு நாம் எடுத்த ரத்தத்தை நாமே பிறகு ஏற்றுகிறோம்.

என் அனுபவத்தில் கல்ச்சருக்கான ஒரு மில்லியை முதலில் எடுத்துவிட்டு மற்றதை யோசிக்கும் வார்டில் வேலை நன்றாக நடக்கிறது. தினமும் காலையில் பழக்கத்துக்காக சி.ஆர்.பி. அனுப்பும் வார்டில் குழந்தைகள் வெளுத்துப்போகிறார்கள்.

#10 வெண்டைக்காய்

இதில் புரோகால்சிடோனின் என்ற சோதனை சி.ஆர்.பி.யைவிடத் துல்லியம் என்கிறார்களே? என் அப்பாவுக்கு நிமோனியா வந்தபோது அதைத்தான் எடுத்தார்கள். விலை கூடுதல்தான், ஆனால் குழந்தை விஷயத்தில் காசு பார்க்க முடியுமா?

#11 தொட்டில்

பெரியவர்களுக்கான அளவுகோலைக் குழந்தைக்குப் பிடித்தால் வம்பு. புரோகால்சிடோனின் தொற்றுக்குப் பின் சில மணி நேரத்திலேயே ஏறிவிடும், அது நிஜமான அனுகூலம். ஆனால் பிறப்பே அதை ஏற்றிவிடுகிறது. பெரியவர்களிடம் 0.5ஐத் தாண்டினாலே சந்தேகப்படுகிறோம்; பிறந்து ஒரு நாள் ஆன ஆரோக்கியமான குழந்தையிடம் 10கூட இருக்கலாம். இரண்டு, மூன்று நாளில் தானாக இறங்கும். எனவே பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று பார்த்துப் பொருத்த வேண்டிய எண் அது. அந்த அட்டவணை இல்லாமல் படித்தால் ஊரில் உள்ள குழந்தைகளெல்லாம் நோயாளிகள்.

அட்டவணையோடு முறையாகச் செய்துபார்த்த ஆய்வும் இருக்கிறது. நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, செக் குடியரசு, கனடா நாடுகளின் 18 மருத்துவமனைகளில் 1,710 குழந்தைகள். 2017இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்குப் புரோகால்சிடோனின் இறங்குவதைப் பார்த்து ஊசியை நிறுத்தினார்கள், மற்றவர்களுக்கு வழக்கப்படி. சராசரியாக 65 மணி நேரம் ஓடிய ஊசி 55 மணி நேரமாகக் குறைந்தது. பத்து மணி நேர லாபம். பாதுகாப்பில் குறைவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மறுதொற்று மிகவும் அரிதாக இருந்ததால் கணக்குக்கு எண்ணிக்கை போதவில்லை. நம் ஊரில் அதே பத்து மணி நேரத்தை, கல்ச்சர் முடிவைச் சனி, ஞாயிறு பாராமல் கேட்டு வாங்கினாலே மிச்சப்படுத்திவிடலாம். காசு விஷயம் என்றால் அங்கே செலவழிக்கலாம் என்பேன்.

இன்டர்லூக்கின்-6, சி.டி.64, பிரெசெப்சின் என்று இன்னும் பல உண்டு. இன்டர்லூக்கின்-6 எல்லாவற்றுக்கும் முன்னதாக ஏறி, அதே வேகத்தில் இறங்கியும் விடும். ரத்தம் எடுக்கச் சற்றுத் தாமதித்தால் கோட்டைவிட்டுவிடுவோம். சி.டி.64க்கு ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற அணுக்களை அலசும் கருவி வேண்டும், அது எத்தனை மாவட்ட மருத்துவமனைகளில் இரவு இரண்டு மணிக்கு ஓடுகிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

#12 தேம்ஸ்வாசி

இங்கிலாந்தில் குழந்தைகள் பிரிவில் பணிபுரிகிறேன். இங்கே தேசிய வழிகாட்டி (2021இல் திருத்தப்பட்டது) சொல்வது: ஊசி தொடங்கும்போது ஒரு சி.ஆர்.பி., 18 முதல் 24 மணி நேரம் கழித்து இன்னொன்று. 36 மணி நேரத்தில் கல்ச்சர் சுத்தம், தொடக்கச் சந்தேகம் பலமாக இல்லை, குழந்தை நலம், சி.ஆர்.பி. போக்கும் திருப்தி என்றால் நிறுத்துவதைப் பரிசீலிக்கலாம். அமெரிக்கா கைவிட்டதை நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம். இரண்டாவது எண் ஏறிவிட்டது என்பதற்காகவே, சிரித்துக்கொண்டிருக்கிற குழந்தைக்கு முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீர் எடுப்பது இங்கே பழைய புகார்.

அமெரிக்காவின் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் உருவாக்கிய, தொற்று அபாயத்தைக் கணக்கிடும் கணிப்பான் வேறு வழி. அதில் ரத்தச் சோதனையே கிடையாது. கர்ப்ப வாரம், தாயின் உச்ச வெப்பநிலை, பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரம், தாயிடம் குரூப் பி ஸ்ட்ரெப் கிருமி இருக்கிறதா, தாய்க்குக் கொடுத்த ஆன்டிபயாடிக், பிறகு குழந்தை எப்படி இருக்கிறது என்பவைதான் உள்ளே போகும். 2,04,485 குழந்தைகளின் தரவு 2017இல் வெளியானது: முதல் நாளிலேயே ஆன்டிபயாடிக் பெற்றவர்கள் 5 சதவீதத்திலிருந்து 2.6 ஆனார்கள். கல்ச்சர் எடுப்பது 14.5இலிருந்து 4.9 ஆனது.

#13 கடல்நாகம்

குரூப் பி ஸ்ட்ரெப்பை எந்தக் கர்ப்பிணிக்கு இங்கே வழக்கமாகப் பரிசோதிக்கிறோம்? அந்தக் கணிப்பான் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவாகத் தொற்று உள்ள ஊரின் தரவில் வளர்ந்தது. டெல்லி எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி சொல்லுங்கள்.

#14 எண்சுவடி

மருத்துவர் அல்ல, புள்ளியியல் ஆசிரியன். உங்கள் சண்டையில் ஒரு கூட்டல் கழித்தல்.

2020இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று, பிறந்து சில நாள் கழித்து வரும் தொற்றுக்கு சி.ஆர்.பி. எவ்வளவு உதவும் என்று பார்த்தது. 22 ஆய்வுகள், 2,255 குழந்தைகள். உணர்திறன் (தொற்று உள்ளவர்களில் பாசிட்டிவ் வருவோர்) 62 சதவீதம், தனித்தன்மை (தொற்று இல்லாதவர்களில் நெகட்டிவ் வருவோர்) 74 சதவீதம். சந்தேகத்துக்குரிய 1,000 குழந்தைகளில் 400 பேருக்கு உண்மையில் தொற்று என்று வையுங்கள். சோதனை 152 பேரைத் தவறவிடும். தொற்றே இல்லாத 156 பேரை நோயாளி ஆக்கும்.

இப்போது பொருநைக்கரை மகளைப் போல, நன்றாக இருக்கும் குழந்தைகள் 1,000 பேர். அவர்களில் 10 பேருக்குத்தான் தொற்று என்று வைப்போம். உதாரணத்துக்கு அதே விகிதங்கள். பாசிட்டிவ் வருகிறவர்கள் 263 பேர். அவர்களில் உண்மையான நோயாளிகள் 6 பேர். ஆக, ‘சி.ஆர்.பி. பாசிட்டிவ்’ என்றால் இங்கே இரண்டரை சதவீதம்கூட இல்லை.

தொட்டில் டாக்டருக்கும் ஒன்று. நெகட்டிவ் வந்தால் 99.5 சதவீதம் தொற்று இல்லை என்று இதே மோசமான சோதனை சொல்லிவிடும். ஆனால் சோதிக்கும் முன்பே அது 99 சதவீதமாக இருந்ததே! நோய் அரிதாக உள்ள கூட்டத்தில் பூவா தலையா போட்டாலும் அந்த 99 கிடைக்கும். 1998ஆம் ஆண்டு எண்ணைப் படிக்கும்போது இதையும் மனத்தில் வையுங்கள்.

#15 தொட்டில்

நியாயமான அடி. இரண்டு முறை எடுப்பது ஒரு முறை எடுப்பதைவிட நிச்சயம் மேல். அந்த 62 என்பது சந்தேகம் வந்தவுடன் எடுத்த ஒற்றைச் சோதனைக்கானது. ஆனால் ‘99’ என்பதில் பெரும்பங்கு குழந்தையின் ஆரோக்கியத்துக்கே சேர வேண்டியது, சோதனைக்கு அல்ல என்பது சரி. ஊசிமல்லி சகோதரி இரண்டாவது பதிவிலேயே கேட்டுவிட்டார்.

#16 பழைய ஸ்டெத்

நாங்கள் படித்த காலத்தில் மெல்லிய கண்ணாடிக் குழாயில் குதிகால் ரத்தம் நிரப்பிச் சுவரில் நிறுத்திவைப்போம். மைக்ரோ இ.எஸ்.ஆர்., அதாவது சிவப்பணு கீழே படியும் வேகம், முதல் ஒரு மணி நேரத்தில் 15 மி.மீ. தாண்டினால் ஒரு புள்ளி. வெள்ளணு 5,000க்குக் கீழே போனால் ஒன்று, வெள்ளணுவில் ஒரு வகையான நியூட்ரோஃபில் குறைந்தால் ஒன்று, முதிராத நியூட்ரோஃபில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் ஒன்று, சி.ஆர்.பி. ஒன்று. இரண்டு சேர்ந்தால் செப்சிஸ் ஸ்கிரீன் பாசிட்டிவ். குழாய்க்கு ஆன செலவு ஒரு ரூபாய்கூட இராது. இந்தப் பட்டியல் இன்னும் பல வார்டுகளில் சுவரில் தொங்குகிறது. கேட்டால் யாருக்கும் முதிராத நியூட்ரோஃபிலை எண்ணத் தெரியவில்லை.

#17 சோதனைக்குழாய்

எண்ணத் தெரியும் ஐயா, நேரம் கொடுங்கள். ஒரே ஸ்லைடை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விடை வருகிறது என்பதும் உண்மைதான்.

#18 பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. மூத்த மருத்துவரிடம் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டேன். எரிச்சலடையாமல் உட்கார்ந்து பேசினார். கல்ச்சருக்கு ஒரு மில்லி எடுத்ததாகக் குறிப்பில் இருந்தது. பிரசவத்துக்கு முன்பே என் மனைவிக்கு ஆன்டிபயாடிக் போயிருந்ததால் கல்ச்சரை முழுமையாக நம்பத் தயக்கம், அதுதான் இன்னும் நிறுத்தவில்லை என்றார். இரண்டு அறிக்கையையும் ஒரே அலகில் எழுதிப் பார்த்துவிட்டு, மருத்துவமனை லேபிலேயே இன்னொரு சி.ஆர்.பி. எடுத்தார்கள். 4 மி.கி./லி. ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் கண்காணிப்பில் வைத்துவிட்டு அனுப்புவார்களாம்.

#19 கடல்நாகம்

நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். 1,400 கிராம் குழந்தை, மூச்சுக்குக் கருவி, தாய்க்கு ஆன்டிபயாடிக் என்றால் இதே 4ஐப் பார்த்து நிறுத்தியிருக்க மாட்டேன். தொட்டில் டாக்டர் நிறுத்துவாரா?

#20 தொட்டில்

அந்தக் குழந்தைக்கு நானும் நிறுத்த மாட்டேன். 4 வந்தாலும் 40 வந்தாலும். அப்படியானால் அங்கே எதற்காக சி.ஆர்.பி. எடுக்கிறோம் என்பதே என் கேள்வி.

#21 ஊசிமல்லி

தம்பி, வீட்டுக்குப் போகும்போது இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பால் குடிப்பது சட்டென்று குறைந்தால், மூச்சு நிமிடத்துக்கு 60 தொட்டால், நெஞ்சு உள்வாங்கினால், 38 டிகிரி தொட்டாலோ 35.5க்குக் கீழே உடம்பு சில்லிட்டாலோ, தொட்டு எழுப்பினால்தான் அசைகிறாள் என்றாலோ, வெட்டி இழுத்தாலோ உடனே கிளம்பிவிடுங்கள். காய்ச்சலைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பச்சிளங்குழந்தை குளிர்ந்துபோவதும் அதே அளவு ஆபத்து. 108இல் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே ஆம்புலன்ஸ் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். “போன வாரம் சி.ஆர்.பி. 4தானே இருந்தது” என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.